பிரின்ட் வருமா

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஒரு தூணுக்கு எதிரே என் கடை.
மேலே லாரி போனால்
மேசையில் திருகாணிகள் நடுங்கும்.

முதல் இரண்டு வருடம்
வந்தவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்தேன்.
விடுதலை என்றேன்.
உலகமே கூடி எழுதியது, காசு கிடையாது,
உங்கள் பெட்டி உங்களுக்கே சொந்தம் என்றேன்.

ரப்பர் ஷீட் வியாபாரி தாணுமாலயன்
முழுசும் கேட்டார்,
மழை விடக் காத்து நிற்பவர் கேட்பதுபோல.
"எல்லாம் செரிதான் தம்பி.
பிரின்ட் வருமா?"

வரவில்லை.
கறுப்புத் திரையில்
கட்டளை கட்டளையாகத் தட்டினேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தது
சரக்கேற்றி நின்ற டெம்போவை.
பில் இல்லாமல் அது களியக்காவிளை தாண்டாது.
பழைய விண்டோஸையே திரும்பப் போட்டு
காசு வேண்டாம் என்றேன்.
நூறு ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
அதுதான் சுட்டது.

அன்றைக்கு ராத்திரி
கடைப் பலகையில் நான் வரைந்த
பென்குயினைப் பார்த்தேன்.
இந்தக் கடலில் இது என்ன பறவை என்று
யாராவது கேட்டதுண்டா?
ஒரே ஒருத்தர் கேட்டார்,
"தாராமுட்டை உண்டுமா?"

பிறகு வந்தவர் கிரேஸ்லெட் பாய்.
குளச்சலில் மீன் கம்பெனிக் கணக்கு.
சிபியூவைத் துண்டில் சுற்றி
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.
"இதுக்கு இனி அப்டேட் கிடையாதாம்,
புதுசு வாங்கணும்ணு சொல்லுகாவ.
நல்லா ஓடுகிய மெஷினுக்கு
ஆரு தேதி குறிச்சா?"

என் இரண்டு வருடப் பிரசங்கம்
அந்த ஒரு கேள்விக்குள் மடங்கிக் கிடந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.
காலையில் திறந்ததும்
முதலில் எதைத் தொடுவீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

ஐஸ் கணக்கு.
அப்புறம் ஏலச் சீட்டு.
சனிக்கிழமை, சர்ச் பெண்கள் சங்க நோட்டீஸ், தமிழில்.
மத்தியானம் சோறு தின்னுட்டு
கொஞ்சம் சீட்டுக்களி.
"அத ஆரிட்டயும் சொல்லாண்டாம்."

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.
அவர் கம்பெனிப் பிரின்டரின் அதே மாடலை
குழித்துறை வக்கீல் குமாஸ்தாவிடம் கடன் வாங்கி
முதலில் அதைப் பேசவைத்தேன்.
இடது மூலைப் பொத்தானை
விரல் தேடும் இடத்திலேயே வைத்தேன்.
கணக்குத் தாளின் சின்னத்துக்குக் கீழே
ஐஸ் என்று எழுதினேன், அவ்வளவுதான்.
பழைய எழுத்துருவில் அடித்த நோட்டீஸெல்லாம்
புழு நெளிவதுபோலத் திறந்தன;
உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன்.
ஒரு ஞானஸ்நான வாழ்த்தில் மட்டும்
ஞா எங்கே போனதோ தெரியவில்லை,
கையால் தட்டி வைத்தேன்.
சீட்டுக்களியை
ஏலச் சீட்டுக்குப் பின்னால் ஒளித்தேன்.
பறவையை எங்கும் வைக்கவில்லை.

வந்தார். திறந்தார்.
"நல்ல வேகமா இருக்கே, தூசி தட்டினியளா?"
ஆமாம் என்றேன்.
அது பொய்யா என்று இன்னும் யோசிக்கிறேன்.
பில்லில் எழுதத்தான் செய்தேன்:
லினக்ஸ் போட்ட வகையில் முந்நூறு.
அவர் முந்நூறை மட்டும் வாசித்தார்.

ஆறு மாதம் சத்தமே இல்லை.
எங்கள் தொழிலில் சத்தமில்லை என்றால்
மெஷின் ஓடுகிறது,
இல்லாவிட்டால் ஆள் வேறு கடைக்குப் போய்விட்டார்.

நேற்று போன். அந்தப் பக்கம் மழை இரைச்சல்.
"எங்க மைனிக்க மெஷினும் இழுக்குது.
எனக்கதுல போட்டியளே,
பேரு தெரியாது,
அதையே போட்டுத் தரணும்."

பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.
மேலே லாரி போயிற்று.
திருகாணிகளைக் கையால் மூடிக்கொண்டேன்.

"அதுல பிரின்ட் வரும் இல்லியா?"

வரும் என்றேன்.